லோடருக்குப் பின்னால்

திங்கள்
காலையிலிருந்தே காற்று. வாளையார் ரோட்டில் ஸ்கூட்டரையே சாய்க்கப் பார்த்தது. கல் குவாரியில் கல் அள்ளும் லோடருக்கு ரேடார் மாட்டும் வேலை எனக்கு. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் இருந்தால் டிரைவருக்குச் சத்தம் கேட்க வேண்டும்.

போன மழையில் இந்த வண்டிதான் ரிவர்ஸில் வந்து, அங்கே கல் பொறுக்கும் மருதாயி அக்காவின் காலை நசுக்கியது. ஓட்டியவர் பழனிச்சாமி அண்ணன். அதன்பிறகு வண்டியில் ஏறவே இல்லையாம். இப்போது லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறார்.

ரேடாரைப் பின்பக்கம் உச்சியில் வைத்தேன். மேனேஜருக்குத் திருப்தி. "சேறு அடிக்காதுங்க. நல்ல எடம்."

செவ்வாய்
தலைவலி. ரேடாருக்கு அந்த உச்சி சரியில்லை. ஆள் நின்றால் கத்துகிறது; வண்டியை ஒட்டிக் குனிந்தால் மௌனம். அக்கா அடிபட்ட அன்று குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாராம்.

கீழே, வண்டியின் இழுவைக் கொக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆளே இல்லாமல் கத்தல். தரையில் கிடக்கும் கல்லெல்லாம் அதற்கு ஆள். இப்படியே விட்டால் எரிச்சலில் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

"மேலயே இருக்கட்டுங்க. சட்டுனு முடிச்சுக் குடுங்க," என்றார் மேனேஜர்.

முடியாது என்றேன். சாப்பாட்டு டப்பாவை அங்கேயே மறந்து கொல்லங்கோட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

புதன்
இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. அதற்கென்று தகடு வெட்டி வெல்டிங். கையில் சின்னதாகச் சூடு பட்டது. இப்போது கல்லுக்குக் கத்தவில்லை. குனிந்தால் கத்துகிறது, உட்கார்ந்தாலும்.

சீட்டில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லப் பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டேன். "வேண்டாங்கம்மணி." தார்ப்பாயை விட்டுத் தலை நிமிரவில்லை. வற்புறுத்த மனம் வரவில்லை.

வியாழன்
காற்று நின்றது. வெயில். மருதாயி அக்கா கோலூன்றி வந்தார். என்னைப் பார்க்க இல்லை. நேராக அண்ணனிடம்.

"ஏனுங்ணா, ஊட்டுப் பக்கமே வர்றதில்லீங்க?"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரது, மருதாயி?"

"ஏறி உக்காருங்க. நான் பின்னால நிக்கறன்."

வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். எஞ்சினைப் போட விடவில்லை. ரேடாருக்கு பேட்டரி போதும்.

அண்ணன் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு ஏறினார். அக்கா கோலைப் பிடித்து மெல்லக் குனிந்தார். உள்ளே சத்தம்.

"கேக்குதுங்ளாண்ணா?"

எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் முகம் வைத்து அழுகை.

"கேக்குது, சாமி. நல்லாக் கேக்குது," என்றார் அண்ணன்.

"அப்ப எறங்கி வந்து என்னயத் தூக்கி உடுங்க. நிமிர முடியல."

அண்ணன் குதித்து இறங்கி ஓடினார்.