கைடு வைத்த கோணல்

மாமா,

கிள்ளையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறேன். சங்கரா மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. பட்டறைச் சாவி மீட்டர் பெட்டி மேலே.

நேற்று, அறுக்கத் தேக்கு கொடுத்த நடேஷ் சார் முன்னால், "இவ கைதான் சார் கோணல், அதான் பலகை ஒரு பக்கம் தடிப்பா வந்துருக்கு" என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

இன்று காலையில், மரத்தை அணைத்துத் தள்ளுகிற கைடுக் கட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு வேப்பந்துண்டில் ஓரத்துக்கு இணையாக நேர்கோடு போட்டு, கையாலேயே தள்ளிப் பார்த்தேன். மரத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் பிளேடு கோட்டில் நிற்கிறது. பேண்ட் சா ரம்பத்தில் ஒவ்வொரு பிளேடும் தனக்கென்று ஒரு சாய்வில்தான் அறுக்கும். கைடும் அதே சாய்வில் நிற்க வேண்டும். நீங்கள் மூலைமட்டம் பிடித்து மேஜைக்கு நேராக வைத்தீர்கள். பிளேடு ஒரு பக்கமும் கைடு ஒரு பக்கமும் இழுத்தால் பலகை எப்படிச் சமமாக வரும்?

பாதி அறுத்த அந்தத் துண்டை, அதே சாய்வில், மேஜையோடு கிளாம்பு போட்டு வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தோடு கைடைச் சேர்த்து முடுக்குங்கள். பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் மீதித் தேக்கை அறுத்துவிடுங்கள்.

நடேஷ் சார் நாலு மணிக்கு வருவார். கோணல் எதில் இருந்தது என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொன்ன பிறகு போன் செய்யுங்கள். அதுவரை வரமாட்டேன்.

எழிலரசி

பி.கு. பிளேடைத் தளர்த்தியிருக்கிறேன், இழுத்தபடியே விட்டால் கெட்டுவிடும். திருகில் நான் போட்ட சாக்பீஸ் குறி வரை முடுக்கிவிட்டு ஓட்டுங்கள். எனக்குக் கோபம் உங்கள் மேல்தான், மிஷின் மேல் இல்லை.