பெரிய கதவுக்குள் வந்த கூழைக்கடா

டெஷ் ஆற்றங்கரை,
திருநீற்றுப் புதன், மாலை

அன்பு மகள் க்ளொத்தில்டுக்கு,

அம்மா நலம். நெற்றியில் சாம்பலோடும் மனதில் நிம்மதியோடும் எழுதுகிறேன். நீ அட்லாண்டாவில் தச்சு வேலைக்கு நடுவே தொலைபேசியில் அனுப்பும் அரைகுறை வாக்கியங்களுக்கு இதுவே என் முழுப் பதில். வீடு நம்மிடமே இருக்கும். வரிச்சலுகைச் சான்றிதழில் இன்று கையெழுத்தாகிவிட்டது.

உன் அப்பாவின் சர்க்கரைக் கிடங்கைப் படப்பிடிப்புக் கூடமாக மாற்ற வீட்டை வங்கியில் அடமானம் வைத்ததை நீ ஒப்பவில்லை. கட்டுமானச் செலவில் ஒரு பங்கை மாநில அரசு வரிச்சலுகையாகத் தரும். அதை வைத்துக் கடனை அடைப்பேன் என்றேன். கூடம் படப்பிடிப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. சலுகை கிடைக்காவிட்டால் வீடு போயிருக்கும்.

நம் ஊர் ஊர்வலச் சங்கத்தின் அலங்கார வண்டிகள் ஆண்டு முழுவதும் அந்தக் கிடங்கில்தான் நின்றன, நினைவிருக்கிறதா? இனி வேறு கொட்டகை பாருங்கள் என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் நேற்று நோன்புக்கு முந்தைய மார்டி கிரா திருவிழா ஊர்வலம் முடிந்ததும், வயிறு நிறைய பீரோடு டிராக்டர் ஓட்டியவர்கள், மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோல் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். கட்டிட மேஸ்திரி ஓவிட், பெயின்ட் காயட்டும் என்று பெரிய கதவைத் திறந்து வைத்திருக்கிறான். கேட்க வேண்டுமா!

காலைப் பூசை முடிந்து வந்து பார்க்கிறேன்: புதுக் கூடத்தின் நடுவில் காகிதக் கூழில் செய்த கூழைக்கடா ஒன்று, யானை உயரத்துக்கு. தரையெல்லாம் ஊர்வலத்தில் வீசும் பாசிமணி. அதன் அலகுக்குக் கீழே, மாநிலத் தலைநகர் பாட்டன் ரூஜிலிருந்து கூடத்தைச் சோதிக்க வந்த அரசு ஆய்வாளர் அம்மையார் வெரே நின்றுகொண்டிருக்கிறார்.

ஓவிட் முந்திக்கொண்டான். "இது படத்துக்குப் போட்ட செட்டுங்க மேடம்."

"அப்படியா? என்ன படம்?"

"பறவைப் படம்," என்றான் அந்த அறிவாளி.

சாம்பல் பூசிய நெற்றியோடு அந்தப் பொய்க்குத் துணை நிற்க முடியுமா? கன்னிமாடப் பள்ளியில் சிஸ்டர் அனுன்சியாட்டா என்னை அப்படி வளர்க்கவில்லை. இது செட் அல்ல, ஊர்வல வண்டி, பழக்க தோஷத்தில் இங்கே வந்துவிட்டது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அந்த அம்மையார் பறவையை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் நெற்றியிலும் சாம்பல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிறகு சிரித்தார் பார்! "எங்க ஊர்லயும் இதே கூத்துதான் மேடம். போன வருஷம் எங்க முதலை வண்டிய எவனோ தீயணைப்பு நிலையத்துல கொண்டுபோய் விட்டுட்டான். ஒரு ராத்திரி நின்னா பரவாயில்ல. மத்தியானத்துக்குள்ள வெளிய எடுத்துடுங்க. பெரிய செட்டுங்க உள்ள வருமான்னு கதவப் பாக்கத்தான் வந்தேன். இந்தக் குண்டுப் பறவையே உரசாம வந்திருச்சே!"

ஆனாலும் கதவை முறைப்படி அளந்தார். அது எனக்குப் பிடித்தது.

டிராக்டர்காரர்கள் தலைவலியோடு வந்து வண்டியை இழுத்துப் போனார்கள். அதன் பிறகுதான் கையெழுத்து. ஓவிட் இன்னும் புலம்புகிறான்: "நீங்க வாயத் தொறந்ததும் என் உசுரே போயிருச்சு மேடம். செத்தா சொர்க்கத்துக்குத்தான் போவீங்க, ஆனா வீடில்லாம போயிருப்பீங்க." நோன்பு நாளாயிற்றே, இறைச்சி கூடாதே என்று அவனுக்கு இறால் குழம்பு மட்டும் போட்டேன். மூன்று தட்டு சாப்பிட்டான். நோன்பாம்!

கூடத்துக்குப் பின்னால் செட் செய்யும் தச்சுப் பட்டறை தயாராகிவிட்டது. வடக்கில் சன்னல் வைக்கச் சொன்னேன். வேலை மேசையில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸை இடக்கைக்காரருக்கு வாகாகப் பொருத்தச் சொன்னேன். "எந்த இடக்கைக்காரர் வராரு மேடம்?" என்று ஓவிட் கேட்டான். இன்னும் முடிவாகவில்லை என்றேன். நான் பொய் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஈஸ்டர் வரை அந்தப் பட்டறைக் கதவைப் பூட்ட மாட்டேன். ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக, குறிப்பாக இடது கையை.

உன் அம்மா,
யூஃப்ரசி லாந்த்ரெனோ