ஊகித்து எழுதாதவள்

அன்புள்ள விடாக்கண்டித் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் ஆதாரம் கேட்பாய். ஆகவே, நேற்று சாப்பாடு இறங்கியது, மாடிப்படியில் நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் அத்தான்தான் சமையல். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை போட்டுவிடுகிறார். குறை சொன்னால் கரண்டி என் கைக்கு வந்துவிடும் என்று பேசாமல் சாப்பிடுகிறேன்.

போன வாரம் உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புற்றுநோய்ப் பதிவகம் என்றதும், நீதான் குரலை மாற்றி விளையாடுகிறாய் என்று நினைத்து, "போதும்டி, வை" என்று திட்டிவிட்டேன். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். ஆஸ்பத்திரியில் என் இனம் எது என்று என்னை யாரும் கேட்கவே இல்லை. என் பெயருக்குப் பின்னால் உன் அத்தானின் குடும்பப் பெயர் இருப்பதைப் பார்த்து, அவருடைய இனத்தையே எனக்கும் எழுதிவிட்டார்களாம். வேறு இனத்தில் கல்யாணம் செய்த நம் பெண்கள் பலருக்கும் இதே கதி. இதைத் தோண்டி எடுத்தது நீ. ஆனால் சொந்த அக்காவின் பதிவை நீயே திருத்தக்கூடாது என்று அவளிடம் கொடுத்துவிட்டாயாமே! எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அத்தானிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

எல்லோரையும் அவரவர் இனத்தில் வைத்துப் பார்த்தால், நம் பெண்களுக்கு நோய் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், மறைத்தவர்களுக்கே அது தெரியவில்லை. எனக்கு இது செய்தியே இல்லை. கட்டி என்று போனபோது டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "உங்க ஆளுங்களுக்கு இந்த வயசுல அதெல்லாம் வராதும்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் நம்பி ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, உங்கள் பதிவகத்திலிருந்து அவருக்குக் கிடைத்த தப்புக் கணக்கு அப்படி. ஆனாலும் கோபம் இல்லை என்றால் பொய்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வரப்போகிறாய் என்று உன் அத்தானிடம் சொன்னாயாம். அவர் வாயில் ரகசியம் தங்குமா? வராதே. இந்தத் தவறைப் பற்றி நீ எழுதும் அறிக்கையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி இழுக்கிறார் என்று நீயே சொன்னாய். நீ எழுந்து வந்தால் அந்த அறிக்கை படுத்துவிடும். எனக்குத் தலையணையைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார். இன்னொருத்தி வெறும் மாத்திரையோடு வீடு திரும்பாமல் தடுக்க உன்னை விட்டால் யார்? மீறி வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். பொய், ஓடி வந்து திறப்பேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். வருடம் ஒருமுறை போன் செய்து, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்வீர்களாம். அந்தப் போனை மட்டும் விதியைப் பார்க்காமல் நீயே செய். நான் எடுத்தால், இருக்கிறாள் என்று அவளை எழுதச் சொல். எடுக்காவிட்டால் ஊகித்து எதுவும் எழுதிவிடாதே. அன்றைக்கு மட்டும் போட்டது போட்டபடி கிளம்பி வா.

இன்றைய தேதிக்கு இருக்கும்,
உன் அக்கா