சட்டை அழுக்காச்சா?

நவம்பர் 3
சலவை மெஷின் மறுபடி நின்றுவிட்டது. கொக்குகள் பேஸ்பால் அணியின் கால்சட்டை மொத்தத்தையும் கையால் அலசினேன். பள்ளிக்கூடத்தை விட்ட அன்று அம்மா சொன்ன எதிர்காலம் இதுதான் போல.

நவம்பர் 6
கிளப் மேனேஜர் பிரௌலியோ ரம் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். ரம் வந்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். கேட்டார். அப்பாவின் சட்டை எண் 31-ஐ.

ஸ்டேடியத்தின் இடப்பக்கச் சுவரில் நான்கே எண்கள். இனி யாருக்கும் கிடையாது என்று கிளப் மரியாதையாக ஒதுக்கியவை. 7, மூன்று கோப்பை வாங்கித் தந்த கேப்டன். 19, ஒரு முழு ஆட்டத்தில் யாரையும் ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் பந்து எறிந்த பிட்ச்சர். 44, பந்தை மீன் சந்தைவரை பறக்கவிட்டவர். அப்புறம் 31, என் அப்பா எலாடியோ. பிட்ச்சர் பந்தை விடுவதற்குள் ஓடி, நெஞ்சால் மண்ணை உழுது, ஓட்டக்காரன் தொடவேண்டிய அடுத்த பேஸைத் திருடுகிற ஆள். ஓர் இறுதி ஆட்டத்தில் ரன் தருகிற கடைசி பேஸான ஹோமையே திருடி ஜெயிக்கவைத்தார்.

இப்போது யேர்லின் என்று ஒருவன். அமெரிக்க கிளப்பில் இருக்கிறான். அங்கே ஆட்டமில்லாத இந்த மாதங்களில், 31 தந்தால்தான் நமக்கு ஆட வருவானாம்.

சர்க்கரை நோய் அப்பாவின் ஒரு காலை எடுத்துவிட்டது. மிச்சம் அந்தச் சுவர்தான். முடியாது என்பார் என்று நினைத்தேன்.

"எடுத்துக்கச் சொல்லு, பிரௌலியோ."

"அப்பா, உனக்குப் பைத்தியமா?"

"சுவத்துல தொங்குற நம்பர் ஓடாதுடா. அவனாவது ஓடட்டும். மண்ணுல புரளட்டும்."

பாட்டிலை நான்தான் திறந்தேன். கோபத்தில்.

நவம்பர் 15
31 இருந்த இடத்தில் வெள்ளை பெயின்ட். பார்க்கவே பிடிக்கல.

நவம்பர் 19
வாசலில் கால் வைத்ததும் அப்பா கேட்டார்: "சட்டை அழுக்காச்சா?"

இல்லை. யேர்லின் நன்றாக அடிக்கிறான். அடித்துவிட்டு பேஸில் சிலை மாதிரி நிற்கிறான். சட்டையில் சென்ட் வாசனைதான்.

நவம்பர் 27
"அழுக்காச்சா?" — இல்ல. சாஸைக் கொட்டிப் பொய் சொல்லலாமா? மண் எது, சாஸ் எதுன்னு அவருக்குத் தெரியாதா?

டிசம்பர் 5
வெடிச்சுட்டேன். எல்லார் முன்னாடியும் சட்டையை அவன் மூஞ்சியிலேயே எறிஞ்சேன்.

"இதுல துவைக்க என்ன இருக்கு? ஹேங்கர்ல மாட்டவா எங்கப்பா நம்பரைக் கேட்டே?"

அடிப்பான் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

"எலாடியோ மகனா நீ? டேய், அமெரிக்காக்காரன் எழுதியே வாங்கிட்டான்டா. திருடக் கூடாது, நெஞ்சால பாயக் கூடாது. விரல் உடைஞ்சா என் பொழப்பே போச்சு." அப்புறம், "உங்கப்பா ஹோமைத் திருடுன அன்னிக்கு எங்கப்பா ஸ்டேடியத்துல இருந்தாரு. அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைத் தூங்கவைப்பாரு" என்றான்.

சட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

டிசம்பர் 6
அப்பாவிடம் சொன்னேன். வாழைக்காய் மசியலைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "பாவம்டா பையன். இனிமே கேக்கல."

டிசம்பர் 9
கேட்கவில்லை. இது அதைவிட மோசம்.

டிசம்பர் 21
தோற்றால் இந்த சீசன் முடிந்தது. கடைசி இன்னிங்ஸ், சமநிலை. யேர்லின் மூன்றாவது பேஸில். பிட்ச்சர் இடக்கைக்காரன், அவன் முதுகு யேர்லின் பக்கம். நான் துணிக்கூடையோடு ஓரமாக நின்றேன்.

ஓடிட்டான்! எவனும் சொல்லல, சைகை காட்டல, ஓடிட்டான்!

நெஞ்சால் பாய்ந்தான். ஒரே புழுதி. அது அடங்கினபோது நடுவர் இரண்டு கையையும் விரித்து நின்றார்: அவுட் இல்லை, ரன்! எங்கள் பராஓனா ஊரே கத்தியது. நான் அவன் விரல்களைத்தான் பார்த்தேன். எல்லாம் மடங்கின, நிமிர்ந்தன.

சட்டையைத் துவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை மடியில் விரித்து, கழுத்திலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவினார். செம்மண் உதிர்ந்தது. ரேடியோ அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"ஃபிரேம் போட்டு மாட்டிடலாமாப்பா?"

"மண்டையில ஏதாவது இருக்கா? துவைச்சுக் குடுடா. அவனுக்கு அடுத்த ஆட்டம் இருக்குல்ல."

டிசம்பர் 22
காலையிலிருந்து அமெரிக்காவிலிருந்து போன் மேல் போனாம். யேர்லின் எடுக்கவில்லை, தூங்குகிறானாம்.

துவைச்சுட்டேன். நெஞ்சுப் பக்கம் கறை முழுசா போகல. நானும் ரொம்பத் தேய்க்கல.