இருபத்திரண்டு பாண்

கிண்ணியா,
சனிக்கிழமை.

அன்புள்ள மகன் ஸஜ்ஜாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். எல்லாக் கடிதத்திலும் வருகிற சொல்தான், இந்த முறை நிறுத்துப் பார்த்து எழுதுகிறேன். நீயும் உன் அறைப் பிள்ளைகளும் அந்த வெயிலில் நலமாக இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. பஸ்லான் லீவு முடிந்து நாளை டோஹாவுக்குத் திரும்புகிறான், இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, "உம்மா, நீங்க தோப்பூருக்குப் போங்க, ஸல்ஹா சாச்சி வீட்ட இருங்க" என்று தொடங்கி அதிலேயே முடிக்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச ஏலாது.

நீ பயந்ததில் பிழை இல்லை. குளியலறையில் விழுந்த அன்று எலும்பு எதுவும் முறியவில்லை. வலியும் பெரிதில்லை. எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் தரையில். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா வந்து தூக்கினாள், உனக்குச் சொன்னதும் அவள்தான். அங்கே கிடந்து பார்க்கும்போது தண்ணீர் வாளி என்னைவிட உயரமாக இருந்தது. அன்றிலிருந்து கதிரையில் இருந்துதான் தொழுதேன், நெற்றி தரையில் பட சுஜூதுக்குப் போனால் திரும்பி எழும்புவேனா என்று பயம். ஐம்பத்திரண்டு வயதில். ஆஸ்பத்திரியில் பிசியோ பிள்ளை கீர்த்தனி என் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லம் அன்ரி, தசைதான் சொல்லாமக் கொள்ளாம லீவில போயிட்டுது" என்றாள். கூப்பிட்டால் வருமாம். பாரம் தூக்க வேண்டும், ஆனால் இப்போதைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

எனக்கு வாங்கி அனுப்பப் போகிறேன் என்று நீ படம் அனுப்பிய அந்தப் பெரிய உடற்பயிற்சி மெஷினை நன்றாகப் பார்த்தேன். கப்பி, கம்பி, அடுக்கடுக்காக இரும்புத் தட்டு. ஹோலை அளந்தும் பார்த்தேன், அது வந்தால் நான் வெளியே இருக்க வேண்டும். அதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் இத்தனை வருடமாக நிறை எழுதுகிறேன், அங்கே ஒரு சட்டம், கீழே கை காட்ட ஒரு ஆள் நிற்காமல் கிரேன் கொக்கி மேலே ஏறாது. பாரம் எவ்வளவு சிறிதானாலும். இந்த வீட்டில் எனக்குக் கை காட்ட யார்? வாப்பா மவுத்தாகி ஆறு வருடம், நீ கடலுக்கு அப்பால். ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு கேள்வியை மட்டும் கொண்டு போனேன், என் கை விட்டால் இது என் மேல் விழுமா, பக்கத்தில் விழுமா? பக்கத்தில் விழுவது போதும். அப்படித் தேர்ந்ததில் மூன்று சாமான் மிஞ்சியது. டவுணில் வாங்கிய இரண்டு ரப்பர் பட்டி, ஒன்று மெல்லியது ஒன்று தடித்தது. உருண்டு ஓடச் சில்லு இல்லாத நம் பழைய மரக் கதிரை, சுவரோடு ஒட்டி வைத்தது. ஒரு சோடி டம்பெல். கதை அந்த டம்பெல்லில்தான்.

பழைய இரும்புக் கடை ஸெய்னுதீன் நானாவிடம் எடுத்தேன், மூடிய ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்ததாம். பத்து என்று அச்சு இருந்தது, மீதியைக் கறுப்புப் பெயின்ற் மூடியிருந்தது. அவருடைய கடையில் கப்பல் இரும்பு எல்லாம் இறாத்தலில்தான் கிடக்கும், எனக்கும் அதுவே பழக்கம். கீர்த்தனி சொன்ன ஐந்து கிலோ ஏறக்குறையப் பத்து இறாத்தல், சரியாக இருக்கிறது என்று ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்தேன். பேக்கரிப் பாண் ஒன்று ஒரு இறாத்தல். பத்துப் பாண். ஒரு கையால் தோளுக்கு மேலே ஒரு முறைகூடப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பத்துப் பாணைத் தூக்க ஏலாதவள் தனியே ஒரு வீட்டை எப்படி வைத்திருப்பாள் என்று யோசித்தேன். உனக்குச் சொல்லாமல் தங்கச்சி ஸல்ஹாவுக்குப் போன் எடுத்து, மாத முடிவில் வருகிறேன், அறையைத் துப்புரவாக்கி வை என்றேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் சூட்கேஸை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன்.

ஆனாலும் விடவில்லை. ஏன் என்று தெரியாது. ஒரு டம்பெல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பினேன். முதல் நாள் இரண்டு முறை. பத்தாம் நாள் எட்டு. பிறகு, இதைவிட லேசாக ஒன்று மாற்றி எடுப்போம் என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன், பஸ் பாலத்தில் ஏறும்போது மடியில் அது ஒரு பிள்ளை மாதிரிக் கனத்தது. களஞ்சியத்தில் தராசு சும்மா இருந்தது. வைத்தேன். பத்து கிலோ. எடுத்துத் திரும்ப வைத்தேன். அதே பத்து கிலோ. இருபத்திரண்டு இறாத்தல், மகன். இருபத்திரண்டு பாணை நெஞ்சில் வைத்துக்கொண்டு எட்டு முறை எழும்பியிருக்கிறேன், ஏலாதவள் என்று நினைத்துக்கொண்டு. வேலை முடிந்து அதோடு கடைக்குப் போனேன். ஸெய்னுதீன் நானா சிரித்த சிரிப்பில் கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "தங்கச்சி, துறைமுகமே உங்கட நிறையை நம்பித்தான் ஓடுது, நீங்க பாண் கணக்கில இரும்பு வாங்கினீங்களா?" என்றார். பெயின்ற் அடித்து விற்ற ஆளை முதலில் விசாரியுங்கள் என்றேன். ஐந்து கிலோச் சோடி ஒன்றைத் தேடித் தந்தார், அச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கீர்த்தனியிடம் சொன்னபோது முதலில் ஏசினாள். பிறகு எழும்பிக் காட்டச் சொன்னாள்.

இன்று பகல் லுஹர் தொழுகையை நிலத்தில் தொழுதேன். நான்கு ரக்அத். மூன்று முறை நிலைக்கு எழும்ப வேண்டும், ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு நான்காவது. நான்காவதுக்கு மட்டும் ஒரு கை முழங்காலில். ஸல்ஹாவுக்குச் சொல்லிவிட்டேன், வயலில் வேளாண்மை வெட்டும்போது மூன்று நாள் விருந்துக்கு வருவேன், இருக்க வரமாட்டேன் என்று. கோபித்தாள், பிறகு வட்டிலப்பம் செய்கிறேன் என்றாள். சூட்கேஸ் மேலே போய்விட்டது, நானே ஏற்றினேன். குளியலறைக்குக் கைபிடி போட நாளை ஆள் வருகிறது, அந்த அளவுக்கு உன் பயத்துக்கு மரியாதை.

இனி உன் விஷயம். உன் அறையில் நீ மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே நீள இரும்புப் பாரைத் தூக்குகிற படத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தாங்கி இல்லை. அறையில் ஆள் இல்லாத நேரத்தில் அதைச் செய்யாதே. கை விட்டால் எங்கே விழும் என்று பார், அதுதான் என் கேள்வி, உனக்கும் அதுதான். நேரத்துக்குச் சாப்பிடு. மெஷினைக் கார்கோவில் போட்டுவிடாதே, திங்கட்கிழமைக்கு முன் நிறுத்து, மறக்காதே.

உன் உடம்புக்கும் தொழிலுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இதை எழுதத் தரையில் இருந்தேன், வேண்டுமென்றே, கதிரை எட்டாத தூரத்தில். வீட்டில் வேறு யாரும் இல்லை. இனி எழும்பிப் போய்த்தான் பஸ்லான் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இது உன் கைக்கு வந்திருந்தால் நான் எழும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
உம்மு குல்சும்