கண்ணுக்குள் ஒத்தாசைக்காரர்கள்

தென்காசி
தாது வருஷம், புரட்டாசி 20

சீமையில் இருக்கும் என் மகன் குத்தாலிங்கத்துக்கு, குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே வீட்டில் உள்ளவர்களும் தொழுவில் உள்ளவையும் சுகம். உன் சுகத்துக்கு, எடின்பரோ குளிரிடம் நானே கெஞ்சிக் கேட்டுக்கொண்டதாக வைத்துக்கொள். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் மனசு வராது. நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆனி மாதத்திலிருந்து நான் பொய் சொல்லி வந்தேன். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் திரையில் பார்க்கிற செல்கள் ஒரு வகை, அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற செல்கள் இன்னொரு வகை, நான் ஆராய்வது இரண்டாவதை, அவற்றுக்குப் பார்வை கிடையாது என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. கடல் தாண்டிப் போய், பார்க்கத் தெரியாததையா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று. வடகரையிலிருந்து சேலை விற்க வரும் ஹாஜரா பீவி, மவன் என்ன படிக்கான் ஆச்சி என்று கேட்டதற்கு, பார்க்கிற செல்லைத்தான், அதிலும் ரொம்பத் தூரம் பார்க்கிறதை என்று அளந்துவிட்டேன். உன் அப்பாவுக்கும் இதே குறைதான். இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்று நீ கேட்டதும், ஒட்டுற பசையப் படிக்கதுக்கு ரெண்டு வருசமா, தையிலே வந்து தென்காசியிலே ஆஸ்பத்திரி வைக்கச் சொல்லு என்று குதித்துத்தான் அந்தக் கோபக் கடுதாசியை எழுதினார்.

அதைத் தபாலில் சேர்த்த வாரமே நடந்ததை உனக்கு மறைத்துவிட்டோம், இப்போது சொல்லலாம். ஆடிச் சாரலில் குற்றாலம் பேரருவிக்குப் போனார். உடம்பு பூராவும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் மொத்துமொத்தென்று விழும் இடத்தில்தான் நிற்பேன் என்று இடித்துக்கொண்டு புகுந்திருக்கிறார், அதே வைராக்கியத்தோடு வந்த அச்சன்புதூர்க்காரர் ஒருவரின் முழங்கை இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். சில நாள் கழித்து மின்னல் மின்னுது என்றார், பிறகு ஒரு பக்கமா சாரல் மறைக்குது என்றார். இந்த வருசம் சீசன் பிரமாதம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பி, காயப்போட்ட வற்றலை மூன்று நாள் உள்ளே எடுத்து வைத்தேன். நான்காம் நாள் அடுக்களைக்குள் வந்து நின்று, ஏட்டி, இங்கனயும் சாரல் அடிக்குதே என்றார். அப்போதுதான் சாரல் வானத்தில் இல்லை, அவர் கண்ணுக்குள் என்று எனக்கு உறைத்தது.

ரயிலில் படுக்கவைத்தே பட்டணத்துக்குக் கொண்டுபோனோம், உன் குருவம்மாள் அத்தையும் கூடவே வந்தாள். கண் டாக்டர் கருவியை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, திரை கிழிந்து சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்றார். நான் மூக்கைச் சிந்த ஆரம்பித்ததும், கிழிசலில் சின்னதாக ஒரு சூடு வைப்பேன், என் வேலை அத்தோடு சரி என்றார். மீதியை யார் செய்வார்கள் என்று கேட்டேன். அங்கேயே இருக்கும் தாங்கு செல்கள் பெருகி வடுக்கட்டித் திரையைச் சுவரோடு பிடித்துக்கொள்ளும், ஒட்டுகிறது நான் இல்லை அம்மா, அவைதான் என்றார். குத்தாலிங்கம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் ஆட்கள்! ஊர் வாயில் விழாமல் நான் மறைத்து வைத்த அதே ஆட்கள். என் பிள்ளை சீமையில் இதுகளைத்தான் படிக்கிறான் என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் பதறி எழுந்து உட்கார்ந்தார், அவர் அசையவே கூடாதவராம், நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் இரண்டு கண்ணையும் கட்டி மல்லாக்கப் போட்டார்கள். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப அவருக்கு வாசித்துக் காட்டினேன். திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கால் ஊன்றி நிற்கின்றன, பார்க்கிற செல்களைச் சாயாமல் பிடிக்கின்றன, அவற்றுக்கு ஊட்டுவதும் இவைதான் போலிருக்கிறது, செத்துப்போன செல்லின் இடத்தை அடைப்பதும் இவைதான் என்று வாசித்தபோது, பேரு வாங்கதுக்கு ஆசையே இல்லாத பயபுள்ளைகளா இருக்கே என்று அசந்துபோனார். எனக்கும் அந்த மலைப்புத்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு துரும்பையும் நகர்த்தாதவர்களைத்தான் நம் தெருவில் கண்டிருக்கிறேன், என்னையும் சேர்த்து. ஆனால் அவற்றிடமும் ஒரு குணக்கேடு உண்டு என்றாய், காயம் ஆறிய பிறகும் நிறுத்தாமல் பெருகினால் வடு சுருங்கித் திரையையே கசக்கி இழுத்துவிடுமாம். அதை வாசிக்கும்போது அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். உன் அக்கா பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்தவள், பிள்ளைக்கு நாலு பல் முளைத்துவிட்டது, என் வீட்டு உப்புப் பரணி எங்கே என்று இப்போது நான் அவளைக் கேட்கவேண்டியிருக்கிறது. என்னய ஏன் மதினி அப்படிப் பாக்கிய என்றாள். ஒன்றுமில்லை, செல்லைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன். எங்கே நிறுத்தவேண்டும் என்று அவற்றுக்குச் சொல்ல வழி உண்டா என்பதைத்தான் நீ தேடுகிறாய் என்றால் நன்றாகத் தேடு, கிடைத்ததும் எனக்குத் தந்தி அடி.

கட்டு அவிழ்த்து ஒரு மாதமாகிறது. ஒட்டுப் பிடித்துக்கொண்டது, பார்வை எவ்வளவு திரும்பும் என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு அந்தப் பொறுமை ஏது? தினமும் காலையில் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேப்பர் வாசிக்கிறார். எம் மவன் படிக்க செல்லு ஒட்டின ஒட்டுலே, நீ பொடி எழுத்தக் கொண்டா, வாசிக்கேன் என்று அடுத்த வீட்டு உச்சிமாகாளியிடம் சவால் வேறு. அவரே உன்னை இன்னும் இரண்டு வருஷம் இருந்து படிக்கச் சொல்லிவிட்டார். தை மாதப் பேச்சு ஒழிந்தது, ஆஸ்பத்திரிக்குப் பார்த்த கட்டடத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். நானும் ஹாஜரா பீவியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போ அந்தத் தூரமாப் பாக்கிறது என்று இழுத்தாள். அது சும்மா என்றேன்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. பூதக்கண்ணாடிக்குள் குனிந்தே கிடந்து உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நார்த்தங்காய் ஊறுகாயை அங்குள்ள துரைகளுக்குக் கொடுத்துப் பயமுறுத்தாதே. குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உன்னைத் தாங்கிப் பிடிக்கட்டும், நீ நூறு வயது வாழ்.

இப்படிக்கு,
சொன்ன பொய்யை வீடு வீடாகத் திருத்திக்கொண்டு வரும் உன் அம்மா,
ஆவுடைத்தாய்

பி.கு. மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உன் அப்பாவிடம் இதைக் கேட்டு எழுதாதே, நானும் கேட்கவில்லை. இன்று காலை காப்பி கொண்டுபோனபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பேப்பர் வாசிக்கும்போது அவர் பொத்திக்கொள்வது, டாக்டர் சூடு வைத்த இடது கண்ணை.