சலவைக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் சின்ன மகாராணியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, யாராவது விசாரித்தால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது. உன் தங்கை புது வீட்டுக்குக் குடி போய்விட்டாள், குழாய் ஒழுகுகிறது, கதவைச் சாத்த முடியவில்லை என்று தினமும் ஒரு புகார், ஆனால் குரலில் சந்தோஷம் தெரிகிறது. நீ அனுப்பிய குழந்தை படத்தை அப்பா நிலைக்கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டிவைத்துவிட்டார், தலை சீவப் போனால் என் முகம் தெரிவதில்லை, பேத்தி முகம்தான் தெரிகிறது, இந்த வாரம் முழுக்கக் கோணல் வகிடோடுதான் வேலைக்குப் போய் வந்தேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மருமகளுக்கு விடுப்பு முடியப்போகிறது, அவள் வேலை பார்க்கிற, ரத்தம் பரிசோதிக்கிற இடத்துக்குள் பச்சைக் குழந்தையைக் கொண்டுபோக முடியாது, காப்பகத்தில் இடம் இல்லை, இடம் இருந்த ஒன்றும் உங்கள் மனசுக்குப் பிடிக்கவில்லை, ஒன்று நான் வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் அங்கே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் வேலையை விட வேண்டும் என்று எழுதியிருந்தாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது வரப்போவதில்லை, அவளும் வேலையை விடக் கூடாது. கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி. எங்கள் சலவைக்கூடத்தில் இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உனக்கே புரியும்.

நீ பார்த்த காலத்துக் கூடம் இல்லை இது, இப்போது இரண்டு மடங்கு பெரிசு. விடுதிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் பின்வாசல் வழியாக வரும், நடுவில் ஒரு சுவர், துவைத்து உலர்த்தி இஸ்திரி போட்டதெல்லாம் முன்பக்க அறைக்கு வந்துவிடும், அங்கே மடித்துக் கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். இவ்வளவுக்கும் மேற்பார்வை உன் அம்மாதான். முதலில் எங்கள் கணக்கு பார்க்கிற பெண்தான் பிரசவம் முடிந்து வந்ததும் முதலாளியிடம் கேட்டாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, மேசைக்குப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறேன் என்று. அவரும் நல்ல மனசோடு சரி என்றார். குழந்தை சமர்த்து, பசித்தால் அழும், வயிறு நிறைந்தால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். முதலாளி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று ஒரு தரம் கொஞ்சிவிட்டுப் போவார். எல்லோருக்கும் இதில் சந்தோஷம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நெட்டை என்னிடம் வந்தாள். உயரமாக இருப்பாள், அதனால் அந்தப் பெயர், அவளும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புவாள். பெரிய இஸ்திரி உருளைக்கு அவள்தான் பொறுப்பு, ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் ஒரு சுருக்கம் இல்லாமல் வரும், அவள் கைப்பக்குவம் வேறு யாருக்கும் இல்லை. அவளுக்கும் கைக்குழந்தை. "அக்கா, மேசை இருக்கிறவங்க பிள்ளை மட்டும்தான் பிள்ளையா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆவியிலும் சூட்டிலும் எப்படிக் குழந்தையை வைக்க முடியும் என்று சமாதானம் சொல்லிவிட்டு நானும் முதலாளியும் யோசித்தோம், அவளை மடிக்கிற அறைக்கு மாற்றிவிடலாம், சுத்தமான இடம், குழந்தையும் கூட இருக்கும் என்று முடிவு செய்து பெரிய உபகாரம் செய்கிற மாதிரி அவளிடம் போய்ச் சொன்னோம். அவள் முகம் மலரவில்லை. இந்த மிஷினைக் கற்றுக்கொள்ள எத்தனை வருஷம் ஆனது தெரியுமா, இறங்கினால் திரும்ப ஏறவிடுவீர்களா என்று கேட்டாள். பிறகு சொன்னாள், "எல்லாரும் என்னையே நகர்த்துறீங்க. பிள்ளைக்கு அப்பன்னு ஒருத்தர் இதே வாசல்லதான் வண்டி ஓட்டிட்டு நிக்கிறாரு. அவரை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லைதான். அவள் புருஷன் எங்கள் வண்டி ஓட்டுநர், தினமும் பத்துத் தரம் என் முன்னால் போய் வருகிறவர், எனக்கே தோன்றவில்லை பார். நான் போய்க் கேட்டதும் அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு வண்டி டயரையே பார்த்துக்கொண்டு நின்றார், மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள் என்றார். சிரிக்கட்டும், சிரித்தால் பல் சுளுக்கிக்கொள்ளுமா என்றேன். அடுத்த வாரம் பிள்ளையை ஒரு துணியில் மார்போடு கட்டிக்கொண்டு மடிக்கிற அறைக்கு வந்துவிட்டார். அவருடைய வண்டிச் சாவி, மடிக்கிற அறையில் கையில் லைசென்ஸோடு வண்டி ஓட்ட ஏங்கிக்கொண்டிருந்த ஒருத்தரிடம் போனது. மற்ற டிரைவர்கள் இவரைத் தாயம்மா என்று கூப்பிட்டார்கள், அவர் தலையணை உறையை மடித்துக்கொண்டே இருந்தார். இடைவேளை வந்தால் நெட்டை வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள், கணக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பாள், திரும்ப உருளைக்குப் போய்விடுவாள்.

எல்லாம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் தூங்கின குழந்தையை அவர் காலியாக இருந்த தள்ளுவண்டியில், துணி அள்ளிப் போகிற அந்தக் கித்தான் வண்டியில் படுக்கவைத்துவிட்டார். உலர்த்துகிற பக்கத்திலிருந்து ஒரு பெண் கை கொள்ளாமல் சூடான துண்டுகளை மார்பு வரைக்கும் அணைத்துக்கொண்டு வந்தாள், அவளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, அந்த வண்டியில்தான் கொட்டப் போனாள். நான் போட்ட சத்தத்தில் துண்டெல்லாம் தரையில் விழுந்தது. குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. முதலாளி ஓடி வந்தார், நாளையிலிருந்து ஒரு பிள்ளையும் உள்ளே வரக் கூடாது, கணக்கறைப் பிள்ளையும் சேர்த்துத்தான் என்றார். அவர் பயம் நியாயம், நான் அதை மறுக்கவில்லை. அப்போதுதான் அந்த வாய் திறவாத மனுஷர் பேசினார். "படுக்கவெச்சது நான், தப்பு என்னோடது. இடத்தை மாத்துங்க முதலாளி, பிள்ளையை அனுப்பாதீங்க. அனுப்பினா அவ வேலைதான் போகும், என் வேலை போகாது." நெட்டை உருளைப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ஒரு மாதம் தவணை கேட்டேன், ஒரு குறை வந்தாலும் நானே நிறுத்திவிடுகிறேன் என்று என் வேலையைப் பணயமாக வைத்துச் சொன்னேன். நெட்டையின் புருஷன் மடிக்கிற அறை மூலையில் சக்கரமே இல்லாத மரத் தொட்டில் ஒன்றைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துப் பொருத்தினார், சுற்றிலும் தடுப்பு, அந்த எல்லைக்குள் துணி வண்டி எதுவும் வரக் கூடாது, அழுக்குத் துணி தொட்டவர்கள் கை கழுவாமல் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. இன்னொன்றையும் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், பிள்ளை தவழ ஆரம்பிக்கிற அன்றைக்கு இந்த ஏற்பாடு முடிந்தது, அதற்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு மாதம் முடிந்து வெகுநாள் ஆகிறது, முதலாளி ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. தாயம்மா என்று கூப்பிட்டவர்களில் ஒருத்தர் போன வாரம் தனியாக வந்து, அந்தத் துணியை எப்படிக் கட்டுவது என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது உன் கதைக்கு வா. நீ வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன், உன் அறையில் ஆவியும் இல்லை, உருளையும் இல்லை, ஒரு மேசையும் விளக்கும் கணினியும்தான். நான் வரலாம், அவள் வேலையை விடலாம் என்று இரண்டு வழியை நன்றாக யோசித்து எழுதியிருக்கிறாய், மூன்றாவது ஆள் ஒருத்தன் அந்த வீட்டில் இருக்கிறான் என்பதை மட்டும் மறந்துவிட்டாய். குழந்தையை உன் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று உன் அதிகாரியிடம் நீயே போய்க் கேள். சேர்ந்தாற்போல ஒரு வருஷம் கேட்காதே, ஒரு மாதம் கேள், பிறகு அது தானாக நடக்கும். மருமகள் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகட்டும், மாற்றுத் துணி நீ நினைப்பதைவிட நாலு அதிகமாக எடுத்துக்கொள், முக்கியமான கூட்டம் இருக்கிற நாளில்தான் பேத்தி விடாமல் அழுவாள், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவன் கூச்ச சுபாவம் உள்ளவனாயிற்றே என்றார். பிள்ளை அழுதால் கூச்சமெல்லாம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாதா என்றேன்.

குழந்தைக்கு நகம் வளர்ந்திருக்கும், தூங்கும்போது வெட்டிவிடு, இல்லாவிட்டால் முகத்தைக் கீறிக்கொள்வாள். மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் தாங்கலாக நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனமார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, பேத்தி குப்புற விழுந்து கையை ஊன்றி நகரப் பார்க்கிற அன்றைக்கே எனக்குத் தெரியப்படுத்து. அதற்கப்புறம் எந்த மேசையும் அவளைத் தாங்காது, அப்போது நீ கூப்பிடாவிட்டாலும் நான் வந்து நிற்பேன். முதலாளியிடம் அந்த விடுப்பை இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா